பெட்டியைத் திறப்பதற்கு முன்: ‘இன் யூட்டெரோ’ டீலக்ஸ் மறுவெளியீடுகளைக் கேட்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் மூன்றாவதும் கடைசியுமான ஸ்டூடியோ ஆல்பம் ‘இன் யூட்டெரோ’. 1993 செப்டம்பரில் வெளிவந்தபோது அதில் 12 பாடல்கள் இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 41 நிமிடங்கள். அதே ஆல்பம் 2013இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பாக 3 சி.டி.யும் 1 டி.வி.டி.யும் கொண்ட பெட்டியாக வந்தது. 2023 அக்டோபரில் முப்பதாம் ஆண்டுப் பதிப்பாக 5 சி.டி.க்கள் அல்லது 8 எல்.பி. இசைத்தட்டுகள் கொண்ட இன்னும் பெரிய பெட்டியாக வந்தது. அதில் 72 ஒலித்தடங்கள் இருக்கின்றன. காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் இடையில் கேட்டு முடித்துவிடக்கூடிய ஓர் ஆல்பம் எப்படி இத்தனை பெருத்தது, அதில் எதை முதலில் கேட்பது, எதற்குப் பணம் கொடுப்பது என்று புதியவர் திகைப்பது இயல்பே.

அந்தத் திகைப்பைத் தீர்க்க ஓர் எளிய செய்தியை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில், அது பதிவான 1993ஆம் ஆண்டிலேயே, குழுவினரும் ஒலிப்பதிவாளரும் இசைத்தட்டு நிறுவனத்தாரும் ஒரு கருத்தில் நிற்கவில்லை. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் வட்டுகள் ஒரே பாடல்களின் வெற்றுப் படிகள் அல்ல. ஒரு பழம் பாடலுக்குப் பல சுவடிகளில் கிடைக்கும் பாடபேதங்களைப் போன்றவை. எந்தச் சுவடியிலிருந்து எந்தப் பாடம் வந்தது என்று அறிந்து கேட்பவருக்கு இந்தப் பெட்டி விருந்து. அறியாமல் முதல் வட்டிலிருந்து கடைசி வட்டு வரை ஒரே மூச்சில் ஓட விடுபவருக்கு, ஒரே பாடலை ஐந்து முறை கேட்ட அலுப்புதான் மிஞ்சும்.

முதல் படி: 12 பாடல்களை மட்டும் கேளுங்கள்

இசைச் செயலிகளில் ஆல்பத்தின் பெயரைத் தேடினால் பல பதிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் ‘சர்வ் த சர்வன்ட்ஸ்’ என்ற பாடலில் தொடங்கி ‘ஆல் அப்பாலஜீஸ்’ என்ற பாடலில் முடிகிற 12 பாடல்களை மட்டும் ஒரு தனிப் பட்டியலாக எடுத்துவைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு வாரமாவது வேறெதையும் தொடாமல் கேளுங்கள். பாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘2013 மிக்ஸ்’ என்று குறிப்பிட்டிருந்தால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். நான் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காமல் முதலில் 2013 மிக்ஸைக் கேட்டுவிட்டேன். பிறகு மூலப் பதிவைக் கேட்டபோது அதுதான் தவறானது போலக் காதில் விழுந்தது. முதலில் கேட்டதே மூலம் என்று காது பிடிவாதம் பிடிக்கும். ஆகவே எதை முதலில் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பழைய சி.டி. ஒன்று கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவுக்கு வெளியே விற்பனையான 1993ஆம் ஆண்டுச் சி.டி.யில் கடைசித் தடத்தின் நீளம் அரை மணி நேரத்துக்கும் மேல் என்று காட்டினால் வட்டு பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். கடைசிப் பாடல் முடிந்து, 20 நிமிடங்களுக்கு மேல் நீளும் மௌனத்துக்குப் பிறகு, ரியோ டி ஜெனிரோவில் அதே ஆண்டு ஜனவரியில் பதிவு செய்த கட்டற்ற வாசிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. மதிப்பிழந்த அமெரிக்க டாலரால் மலிவான இறக்குமதிச் சி.டி.யை வாங்காமல் உள்ளூர்ச் சி.டி.யையே வாங்குவதற்கான ஊக்கப் பரிசு அது என்று உறையிலேயே கிண்டலாக அச்சிட்டிருந்தார்கள்.

இரண்டாம் படி: ஸ்டிக்கரில் உள்ள சொற்களைப் பிரித்தறியுங்கள்

மறுவெளியீடுகளின் மேலுறையில் ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கரில் ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டெமோ, வெளிவராத பதிவு, டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ் என்ற சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றில் புதியவர் கட்டாயம் பிரித்தறிய வேண்டியவை ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற இரண்டுமே. பெயரில் ஒத்திருந்தாலும் வேலையில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு.

பாடலைப் பதிவு செய்யும்போது டிரம்ஸ், பேஸ் கிதார், கிதார், குரல் ஆகியவை ஒரே அகலமான ஒலிநாடாவில் தனித்தனித் தடங்களாக இடம்பெறுகின்றன. அக்காலத்து ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் 2 அங்குல அகல நாடாவில் 24 தடங்கள் இருக்கும். இந்தத் தடங்களை ஒவ்வொன்றாக உயர்த்தியும் தாழ்த்தியும், இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்தியும், எதிரொலி சேர்த்தும், இறுதியில் இடம், வலம் என்ற இரண்டே தடங்களாக வேறொரு நாடாவில் இறக்கும் வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். அந்த இரண்டு தட நாடாவை எடுத்து, ஒட்டுமொத்த ஒலியின் தாழ்சுரத்தையும் உச்சத்தையும் சமன்செய்து, பாடல்களுக்கு இடையிலான ஒலியளவை ஒழுங்குபடுத்தி, வட்டில் அச்சிடத் தக்கதாக ஆக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் அந்த இரண்டு தட நாடாவுக்கே திரும்பிச் சென்று இந்தக் கடைசி வேலையை மறுபடியும் செய்கிறார்கள் என்று பொருள். குரல் கிதாருக்குப் பின்னால் நிற்கிறதா முன்னால் நிற்கிறதா என்பது அந்த நாடாவில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ரீமாஸ்டர் செய்பவர் அதை மாற்ற முடியாது, மேலே படிந்த தூசியைத் துடைக்கவோ கூடுதலாக வர்ணம் பூசவோதான் முடியும். ரீமிக்ஸ் என்றால் அதற்கும் முந்தைய பல்தட நாடாவுக்கே திரும்பிச் சென்று, எது முன்னே, எது பின்னே என்ற முடிவையே புதிதாக எடுக்கிறார்கள் என்று பொருள். அச்சுப்பிழை நீக்கிய மறுபதிப்புக்கும், சுவடிகளை மீண்டும் ஒப்புநோக்கிப் பாடத்தையே மாற்றிய புதுப்பதிப்புக்கும் உள்ள தொலைவு இவற்றுக்கிடையே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2013 பெட்டியில் ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டும் தனித்தனி வட்டுகளாக இருக்கின்றன. 2023 பெட்டியில் ஆல்பம் ரீமாஸ்டராக மட்டுமே இருக்கிறது. பின்னால் வந்தது, அளவில் பெரியது என்பதால் முன்னதையும் உள்ளடக்கியிருக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மூன்றாம் படி: எந்த நாடா யார் கையில் இருந்தது என்று அறியுங்கள்

1991இல் வந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் குழுவை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அந்த ஆல்பத்தின் மெருகேறிய ஒலி பாடகர் கர்ட் கோபேனுக்கு உறுத்தலாகவே இருந்தது. அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீவ் ஆல்பினி. தம்மைத் தயாரிப்பாளர் என்று அழைப்பதையே விரும்பாதவர் அவர். ஒலிப்பதிவாளர் என்று சொன்னால் போதும் என்பார். விற்பனையில் பங்கு வாங்குவது முறையற்றது என்றும், வீட்டுக் குழாயைச் சரிசெய்பவருக்குக் கொடுப்பது போலச் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றும் பதிவுக்கு முன்பே குழுவுக்குக் கடிதம் எழுதினார். மொத்தமாக 1 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு ராயல்டியை மறுத்துவிட்டார். அந்த ஆல்பம் பின்னர் விற்ற விற்பனையை நினைத்தால், அவர் விட்டுக்கொடுத்த தொகை சிறியதல்ல.

1993 பிப்ரவரியில், மினசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் மரங்கள் சூழ்ந்த இடத்தில் இருந்த பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில், வேறொரு பெயரில் முன்பதிவு செய்துகொண்டு, குழு இரண்டு வாரங்களில் பதிவையும் மிக்ஸிங்கையும் முடித்தது. பெரும்பாலான பாடல்களை மூவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்தே பதிவு செய்தார்கள். டேவ் குரோலின் டிரம்ஸைச் சுற்றி ஆல்பினி ஏறத்தாழ 30 மைக்குகளை நிறுத்தினார். விரைவான பாடல்கள் சிலவற்றுக்கு, இயல்பான எதிரொலி வேண்டி, பக்கத்துச் சமையலறையில் டிரம்ஸை வைத்து வாசித்தார்கள். கோபேன் தம் குரல் பதிவுகளில் பெரும்பகுதியை ஒரே நாளில், ஏறத்தாழ 6 மணி நேரத்தில் பாடி முடித்தார். இந்தச் செய்திகளை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. டிரம்ஸ் ஓர் அறைக்குள் அடிபடுவது போலவும், குரல் சில இடங்களில் கிழிந்து கேட்பது போலவும் உங்களுக்குத் தோன்றினால், அவை பதிவின் குறைகள் அல்ல, வேண்டுமென்றே விட்டுவைத்தவை என்பதை அறிவதற்காகவே சொல்கிறேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நாடாவைக் கேட்ட நிறுவனத்தார் முகம் சுளித்தார்கள். அந்தச் செய்தி செய்தித்தாளுக்கும் வார இதழுக்கும் போய், குழுவே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் குழுவினருக்கும் சில ஐயங்கள் இருந்தன. குறிப்பாக, குரலும் பேஸ் கிதாரும் அமுங்கிக் கேட்பதாக அவர்கள் கருதினார்கள். ஆல்பினி தம் மிக்ஸை மாற்ற இசையவில்லை. எனவே மாஸ்டரிங் செய்த பாப் லுட்விக்கின் கூடத்தில், பேஸின் கூர்மையையும் குரலின் அளவையும் இயன்ற மட்டும் உயர்த்தினார்கள். அதிலும் நிறைவடையாமல், ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ என்ற இரண்டு பாடல்களை மட்டும், ஆர்.இ.எம். குழுவின் தயாரிப்பாளராக அறியப்பட்ட ஸ்காட் லிட்டிடம் கொடுத்து சியாட்டிலில் ரீமிக்ஸ் செய்தார்கள். ஆகவே கடைக்கு வந்த ஆல்பத்தில் 10 பாடல்கள் ஆல்பினியின் மிக்ஸ், 2 பாடல்கள் லிட்டின் மிக்ஸ், எல்லாவற்றின் மேலும் லுட்விக்கின் கை. ‘பென்னிராயல் டீ’ என்ற பாடலையும் லிட் பின்னர் ரீமிக்ஸ் செய்தார். அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்காக 1994இல், பின்னட்டைப் படத்தையும் ஒரு பாடலின் தலைப்பையும் மாற்றி அச்சிட்ட பதிப்பில் அது இடம்பெற்றது. பழைய வட்டுகளை வாங்குபவர் பின்னட்டையைப் புரட்டிப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், 1993ஆம் ஆண்டின் ‘மூலம்’ என்று நாம் கருதுவதே ஒரு சமரசப் பாடம் என்பது விளங்கும். மறுவெளியீடுகளின் பயன் இங்கேதான் இருக்கிறது.

நான்காம் படி: ஒலியளவைச் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள்

இரண்டு பதிப்புகளை ஒப்பிட விரும்பும் புதியவர் ஏறக்குறைய எப்போதும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒரே பாடலின் இரண்டு பதிவுகளில் ஒன்று சற்றே உரத்து ஒலித்தால், அது உரத்தது என்று நம் காது சொல்லாது. அதுதான் தெளிவானது, ஆழமானது, உயிருள்ளது என்றே சொல்லும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ரீமாஸ்டர் வட்டுகள் பல இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி, மெல்லிய பகுதிகளை உயர்த்தியும் உச்சங்களை நசுக்கியும், முழுப் பாடலையும் ஒரே உரத்த மட்டத்தில் வைத்து விற்றன. கேட்ட முதல் நிமிடத்தில் வியப்பு, பத்தாவது நிமிடத்தில் தலைவலி என்று அவற்றின் இலக்கணத்தைச் சுருக்கிவிடலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். செயலியில் ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் ஒப்பிடும்போது அதை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிப்புக்கு இயக்கி மற்றதற்கு அணைக்க வேண்டாம். ஈக்வலைசர், பேஸ் கூட்டும் பொத்தான், மெய்நிகர் சரவுண்ட் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். கம்பியுள்ள எளிய ஹெட்போன் போதும். இரைச்சலான பேருந்தில் இந்த வேலை நடக்காது. ஒரு பாடலில் குரல் அமைதியாக வரும் ஓரிரு வரிகளைத் தேர்ந்து, இரண்டு பதிப்பிலும் அந்த வரிகள் ஒரே அளவில் கேட்கும்படி ஒலியைக் கையால் சரிசெய்துவிட்டுப் பிறகு முழுப் பாடலையும் கேளுங்கள். அமைதியான சரணத்திலிருந்து உரத்த பல்லவிக்குத் தாவும் இடத்தில் எந்தப் பதிப்பு உண்மையிலேயே தாவுகிறது, எது ஏற்கெனவே உயரத்தில் நின்றுகொண்டு தாவுவது போல நடிக்கிறது என்பது அப்போது தெரியவரும். சோதித்துப் பார்க்க ‘மில்க் இட்’ பொருத்தமான பாடல். ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ பாடலின் தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் நொடிகளும் பயன்படும். அடிக்குப் பிறகு அறையின் அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2023ஆம் ஆண்டின் ரீமாஸ்டரைச் செய்தவர் பாப் வெஸ்டன். 1993இல் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் ஆல்பினியின் உதவியாளராக இருந்தவர் அவரே. மூல அனலாக் நாடாவிலிருந்தே இதைச் செய்திருக்கிறார். பதிவு நடந்த அறையின் ஒலியை நேரில் கேட்ட காது ஒன்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாடாவுக்குத் திரும்பி வருவது மறுவெளியீட்டு உலகில் அடிக்கடி வாய்ப்பதல்ல. ஆல்பத்தை முதன்முதலாக வாங்குபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஒலி இதுதான்.

ஐந்தாம் படி: இரண்டு பாடல்களை நான்கு முறை

இப்போது 2013 பதிப்புக்கு வாருங்கள். முழுவதையும் கேட்க வேண்டாம். ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ இரண்டும் அந்தப் பெட்டியில் மூன்று பாடங்களாகக் கிடைக்கின்றன: 1993இல் வெளியான லிட் மிக்ஸ், அப்போது ஒதுக்கிவைக்கப்பட்ட ஆல்பினியின் மூல மிக்ஸ், 2013இல் ஆல்பினி புதிதாகச் செய்த மிக்ஸ். முதலில் லிட், பிறகு ஆல்பினி 1993, பிறகு ஆல்பினி 2013, மறுபடியும் லிட் என்ற வரிசையில் ஒவ்வொரு பாடலையும் கேளுங்கள்.

‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’ பாடலில் முதலில் கிதார் தனிவாசிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆல்பினியின் பழைய மிக்ஸில் அந்த இடத்தில் கிதாரின் ஒலி நடுங்கி விலகுவது போன்ற ஒரு விளைவு சேர்ந்திருக்கிறது. அழகான ஒரு பாடலின் நடுவில் இது எதற்கு என்று பேஸ் கிதார் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிக் எதிர்த்து நின்றார். லிட்டின் மிக்ஸில் அது இல்லை. அடுத்ததாகப் பல்லவியில் குரலைக் கவனியுங்கள். லிட்டின் மிக்ஸுக்காகக் கோபேன் இணைகுரலையும் அகௌஸ்டிக் கிதாரையும் கூடுதலாகச் சேர்த்தார். குரல் கருவிகளின் முன்வரிசைக்கு வந்து நிற்கிறது. ஆல்பினியின் மிக்ஸில் குரல் நான்கு பேர் பேசும் அறையில் ஒருவரின் குரலாக இருக்கிறது. எது சரி என்று கேட்டால், வானொலியில் இந்தப் பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு பதிலும், ஆல்பத்தின் மற்ற பத்துப் பாடல்களை நேசிப்பவர்கள் வேறொரு பதிலும் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடலில் லிட்டும் நோவோசெலிக்கும் சரி. ‘ஆல் அப்பாலஜீஸ்’ பாடலில் ஆல்பினியின் கை இன்னும் இயல்பாக இருக்கிறது.

இதற்குப் பிறகே 2013 மிக்ஸை முழு ஆல்பமாகக் கேளுங்கள். ஆல்பினி பல்தட நாடாவிலிருந்து அனைத்துப் பாடல்களையும் மறுபடி கலந்திருக்கிறார். முதல் பாடலிலேயே கிதார் தனிவாசிப்பு வேறொன்றாக இருப்பதைக் கேட்டுத் திடுக்கிடுவீர்கள். பல்தட நாடாவில் இருந்து, 1993இல் தேர்வாகாமல் போன வாசிப்பு அது. 1993ஆம் ஆண்டின் பதிவை இடம்பெயர்க்க இந்த மிக்ஸ் வரவில்லை. அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தக்க அடிக்குறிப்பாக வந்திருக்கிறது. இதை முதன்மைப் பாடமாகப் புதியவருக்குக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மற்ற குழுக்களிலும் இந்த வழக்கம் உண்டு. பேர்ல் ஜாம் குழுவின் ‘டென்’ ஆல்பத்தின் 2009 மறுவெளியீட்டில், எதிரொலி மிகுந்த 1991ஆம் ஆண்டு மிக்ஸோடு பிரெண்டன் ஓ’பிரையனின் வறண்ட ரீமிக்ஸும் தனி வட்டாக வந்தது. ஆர்.இ.எம். குழுவின் ‘மான்ஸ்டர்’ ஆல்பத்தை, 1994இல் அதில் பணிபுரிந்த அதே ஸ்காட் லிட், 2019இல் தாமே ரீமிக்ஸ் செய்தார். ‘இன் யூட்டெரோ’வில் பழகிய காதுக்கு அவை எளிதாக வசப்படும்.

ஆறாம் படி: டெமோக்களை ருசி பார்த்தால் போதும்

டெமோ என்பது பாடல் முழு உருவம் பெறுவதற்கு முன் எடுத்த முன்வரைவுப் பதிவு. 2013 பெட்டியில் ரியோவிலும் சியாட்டிலிலும் எடுத்தவை பல உள்ளன. சிலவற்றில் பாடல் வரிகளே இல்லை, வாசிப்பு மட்டும்தான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இவை பாடம். மற்றவர்களுக்கு ஒருமுறை போதும். ஆல்பத்துக்கு வெளியே வந்த பாடல்களின் கதை வேறு. குரோல் எழுதிப் பாடிய ‘மேரிகோல்டு’, கோபேனின் ‘சாப்பி’ இரண்டும் ஆல்பத்தில் இடம்பெறத் தகுதியுள்ளவை. 2023 பதிப்பிலும் 12 பாடல்களோடு சேர்ந்து வரும் 5 கூடுதல் பாடல்களில் இவை இருக்கின்றன.

ஏழாம் படி: மேடைப் பதிவுகளை ஆண்டு பார்த்துக் கேளுங்கள்

2013 பெட்டியின் கச்சேரி, 1993 டிசம்பர் 13 அன்று சியாட்டில் துறைமுகத்தின் 48ஆம் எண் இறங்குதுறையில் எம்.டி.வி.க்காகப் படமாக்கப்பட்டது. காட்சியோடு கிடைப்பதால் புதியவர் இதிலிருந்து தொடங்கலாம். மூவராக இருந்த குழு அந்தச் சுற்றுப்பயணத்தில் இரண்டாம் கிதாருக்குப் பாட் ஸ்மியரையும் செலோவுக்கு லோரி கோல்ட்ஸ்டனையும் சேர்த்துக்கொண்டது. ஆல்பத்தில் மெல்லியதாகக் கேட்கும் பாடல்கள் மேடையில் தடித்துக் கேட்பதற்கு அது காரணம்.

2023 பெட்டியில் இரண்டு முழுக் கச்சேரிகள் உள்ளன: 1993 டிசம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் நடந்தது ஒன்று, 1994 ஜனவரி 7 அன்று சியாட்டிலில் நடந்தது மற்றொன்று. இவற்றுக்குப் பல்தட நாடாக்கள் இல்லை. மேடையின் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேராக எடுத்த இரண்டு தடப் பதிவுகளே எஞ்சியிருந்தன. அவற்றை மறுசீரமைத்தவர் ஜாக் எண்டினோ. குழுவின் முதல் ஆல்பமான ‘பிளீச்’சை 606 டாலர் 17 சென்ட் செலவில் பதிவு செய்து கொடுத்தவர் அவர்தான். இரண்டு தடப் பதிவு என்பதை மனத்தில் கொண்டு கேட்டால், ஸ்டூடியோ ஒலியை இங்கே எதிர்பார்த்து ஏமாற மாட்டீர்கள். இரண்டு கச்சேரிகளிலும் பாடல் வரிசை பெரிதும் ஒத்திருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் கேட்க வேண்டாம். ஒரு வார இடைவெளி விட்டுக் கேளுங்கள். சியாட்டில் பதிவுக்கும் மியூனிக்கில் மார்ச் 1 அன்று நடந்த குழுவின் கடைசிக் கச்சேரிக்கும் இடையில் எட்டு வாரங்கள்கூட இல்லை. ஏப்ரலில் கோபேன் இறந்தார். அந்த அறிவோடு கேட்பதைத் தவிர்க்க முடியாது. ஆயினும் ஒவ்வோர் அலறலிலும் முன்னறிகுறி தேடுவது அந்த இசைக்கு நியாயம் செய்யாது. அன்று மேடையில் நின்றவர்கள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு குழுவினர்.

கடைசிப் படி: எதை வாங்குவது

மேற்சொன்ன அனைத்தையும் இசைச் செயலியில் கேட்ட பிறகே பணப்பையைத் திறங்கள். வட்டாக எதுவும் இல்லாதவருக்கு 2023ஆம் ஆண்டின் சிறிய பதிப்பு போதும்: 2 சி.டி. கொண்டதோ, ஓர் எல்.பி.யோடு 10 அங்குலத் தட்டு ஒன்று சேர்ந்ததோ. வெஸ்டனின் ரீமாஸ்டர் முழுமையாக அதில் இருக்கிறது. மிக்ஸ் வேறுபாடுகளில் ஆர்வம் பிறந்தவருக்கு 2013ஆம் ஆண்டின் 2 சி.டி. பதிப்பே பெரிய புதையல். ஆல்பினியின் பழைய மிக்ஸ்களும் 2013 மிக்ஸும் அதில் கிடைத்துவிடுகின்றன, பெட்டியின் விலை கொடுக்கத் தேவையில்லை.

2023ஆம் ஆண்டின் பெரிய பெட்டியை இசைக்காக மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 48 பக்கக் கெட்டி அட்டை நூல், உறையிலிருந்து கழற்றக்கூடிய சிறகுள்ள தேவதை அக்ரிலிக் பலகை, சுவரொட்டிப் பிரதி, நுழைவுச்சீட்டுப் பிரதிகள், மேடைக்குப் பின்னால் செல்ல அனுமதிக்கும் துணி ஒட்டுச்சீட்டுகள் என்று விலையின் கணிசமான பகுதி இவற்றுக்கே போகிறது. இவற்றை மேசையில் பரப்பிவைத்துப் பார்ப்பதில் இன்பம் காண்பவர் தாராளமாக வாங்கலாம். அந்த இன்பத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. வாங்குபவர் எல்.பி. பதிப்பா சி.டி. பதிப்பா என்று தயங்கினால் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள்: 8 எல்.பி. என்றால் 16 பக்கங்கள், ஒரே கச்சேரிக்கு நடுவில் பலமுறை எழுந்து தட்டைப் புரட்ட வேண்டும். ஸ்டூடியோ ஆல்பத்துக்கு அந்த இடைவெளி அழகு. மேடைப் பதிவுக்கு அது தொல்லை.

இணையத்தில் பழைய பிரதி வாங்கும்போது, விற்பவரிடம் முன்னட்டைப் படத்தோடு நிறுத்தாமல், பின்னட்டை, முதுகுப் பகுதி, வட்டின் அடிப்பக்கத்து உள்வட்டத்தில் பொறித்திருக்கும் எண்கள் ஆகியவற்றின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் எந்த ஆண்டு, எந்த நாட்டுப் பதிப்பு என்பது தெரிந்துவிடும். ‘டீலக்ஸ்’ என்ற ஒரே சொல் 2013க்கும் 2023க்கும் பொதுவாக இருப்பதால், விளம்பரத்தில் ஆண்டு குறிப்பிடாதவரிடம் ஆண்டைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.